பதினான்கு நாளுக்கான காற்று

சுவிற்சர்லாந்தில் தொடர்மாடி வீடுகளில் குடியிருக்கும் தமிழர் பலர், தெரிந்தோ தெரியாமலோ, அடிக்கடி ஓர் அணுகுண்டுக் காப்பறைக்குள் போய் வருகிறார்கள். அரிசி மூட்டை, பனிக்கால ரயர், பிள்ளைகளின் பழைய சைக்கிள், கொண்டாட்டங்களுக்கு மட்டும் எடுக்கும் பெரிய பானைகள் எல்லாம் வைத்திருக்கிற ‘கெல்லர்’ பல கட்டடங்களில் அதுதான். உள்ளே போகும்போது தோளால் தள்ளித் திறக்கிற அந்தத் தடித்த கொங்கிறீட் கதவு, வெடிப்பின் அமுக்கத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மூலையில் கைப்பிடியோடு நிற்கும் இரும்புச் சாதனம், கதவைப் பூட்டிய பிறகு உள்ளே இருப்பவர்களுக்குக் காற்றுத் தருவதற்கென்று வைக்கப்பட்டது.

அந்தச் சாதனம்தான் என் தொழில். காற்றோட்டக் குழாய் பொருத்தும் தொழிலாளியாக இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு காப்பறைகளைச் சோதித்துச் சீர்செய்யும் பக்கம் வந்து அதிலேயே நிலைத்துவிட்டேன். வடிகட்டி, வால்வு, கதவின் றப்பர் விளிம்பு, தப்பிச் செல்லும் குழாய், கைப்பிடி ஆகியவற்றோடுதான் என் நாட்கள் போகின்றன. ஒருநாளும் பயன்படக்கூடாது என்று வேண்டிக்கொண்டே, நாளைக்கே தேவைப்படும் என்ற எண்ணத்தோடு பராமரிக்க வேண்டிய பொருட்கள் இவை. இந்த வேலையை நான் மனமார நேசிக்கிறேன்.

1962இல் கியூபா நெருக்கடியில் உலகம் அணுப்போரின் விளிம்புவரை போய்த் திரும்பியது. அடுத்த ஆண்டே சுவிஸ், வீடுகளின் கீழே காப்பறை கட்டுவதைச் சட்டமாக்கியது. நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் அவருடைய வீட்டுக்குக் கிட்ட ஓர் இடம் இருக்கவேண்டும் என்பதுதான் கொள்கை. குடியுரிமை உள்ளவரா, அகதியாக வந்தவரா என்ற கேள்வி அதில் இல்லை. இன்றைக்கு மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட காப்பறைகளில் ஏறத்தாழ 90 இலட்சம் பேருக்கு இடம் இருக்கிறது. நாட்டின் சனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓர் ஆளுக்கு ஒரு சதுர மீற்றர் தரை.

சோதனைக்குப் போன ஒரு கட்டடத்தில் ஒரு தமிழ் அக்கா கேட்டார்: “தம்பி, அணுகுண்டு விழுந்தா எல்லாரும் முடிஞ்சதுதானே? பிறகென்னத்துக்கு இந்தக் கதவும் மிசினும்?” இந்தக் கேள்வியைச் சுவிஸ்காரரும் கேட்கிறார்கள், தமிழரும் கேட்கிறார்கள். படித்தவர்கள்தான் கூடுதலாகக் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு ஒழுங்கான பதில் தர வேண்டியது என் கடமை.

குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே இருப்பவர்களைக் காப்பாற்ற என் கதவால் முடியாது. இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. ஒரு சாதாரண வீட்டுக் காப்பறை 1 பார் மேலதிக அமுக்கத்துக்கு, அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 10 தொன் பாரத்துக்கு, தாக்குப்பிடிக்கக் கட்டப்பட்டது. அதற்கு மேல் அமுக்கம் வருகிற நடுப்பகுதியில் எந்த உறுதியும் தர முடியாது. ஆனால் அந்த நடுப்பகுதியைச் சுற்றி மிகப் பெரிய பரப்பு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மனிதர் வாழ்வதும் சாவதும், வெடித்த நேரத்தில் எங்கே நின்றார், எதற்குப் பின்னால் நின்றார், பிறகு எத்தனை நாள் உள்ளே இருந்தார் என்பதிலேயே தங்கியிருக்கிறது.

ஹிரோஷிமாவில் எய்சோ நொமுரா என்ற 47 வயது அலுவலர், 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி காலை, பத்திரம் ஒன்றை எடுப்பதற்காகத் தன் அலுவலகத்தின் நிலவறைக்கு இறங்கியிருந்தார். வெடிப்பு மையத்திலிருந்து அந்தக் கட்டடம் ஏறத்தாழ 170 மீற்றர் தூரம்தான். மேலே இருந்த சக ஊழியர்கள் அன்றைக்கோ அடுத்துவந்த நாட்களிலோ இறந்தார்கள். அவர் 1982 வரை வாழ்ந்தார். தலைக்கு மேல் இருந்த கொங்கிறீட் தட்டுத்தான் அந்த வேறுபாடு. அது ஓர் அபூர்வமான தப்பல். அதை விதியாக்க முடியாது. ஆனால் எல்லாரும் முடிந்தார்கள் என்ற சொல்லும் உண்மையல்ல என்று காட்ட அந்த ஒருவர் போதும்.

இன்னொரு சம்பவம், குண்டே இல்லாமல் நடந்தது. 2013 பெப்ரவரி 15ஆம் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் வானத்தில் ஒரு விண்கல் வெடித்தது. கண் கூசும் வெளிச்சம். என்னவென்று பார்க்க மக்கள் யன்னலுக்குப் போனார்கள். ஓரிரு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. ஏறத்தாழ 1,500 பேர் வைத்தியம் தேடிப் போனார்கள். அவர்களில் மிகப் பலருக்குக் கண்ணாடி வெட்டிய காயம். அணுகுண்டிலும் இதே ஒழுங்குதான். வெளிச்சம் உடனே வரும். அதிர்வலை ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ மூன்று செக்கன் என்ற கணக்கில் பிந்தி வரும். அந்த இடைவெளியில் யன்னலுக்கு ஓடாமல், நிற்கிற இடத்திலேயே குப்புறப் படுத்து, முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்பவர் கண்ணைக் காப்பாற்றிக்கொள்வார். இதற்கு எந்தச் சாதனமும் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கலாம்.

அமுக்கம், நொறுங்கும் கண்ணாடி ஆகிய இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது ஆபத்து, மேலிருந்து விழும் கதிரியக்கத் தூசி. நிலத்திலோ நிலத்துக்கு மிகக் கிட்டவோ வெடிக்கும் குண்டு, மண்ணையும் கட்டடங்களையும் தூளாக்கி மேலே உறிஞ்சிக் காற்றோடு அனுப்புகிறது. அது சாம்பலாகவும் பொடிமணலாகவும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம்வரை வந்து இறங்கும். இதற்குத்தான் மக்கள் மிகவும் பயப்படுகிறார்கள். ஆனால், மூன்று ஆபத்துகளிலும் பொறுமையால் வெல்லக்கூடியது இது ஒன்றுதான். தூசியின் கதிர்வீச்சு மிக வேகமாகத் தேய்ந்து போகும். நேரம் ஏழு மடங்காகும்போது கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும் என்பது இத்துறையில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. வெடித்து ஒரு மணித்தியாலத்தில் 1,000 என்று இருந்தது, 7 மணித்தியாலத்தில் 100 ஆகும். இரண்டு நாளில் 10 ஆகும். இரண்டு கிழமையில் 1 ஆகும்.

நான் பார்க்கும் வேலை முழுக்க இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது. முதல் இரண்டு நாள் வெளியே தலை காட்டாதவர் பெரும்பகுதி ஆபத்தைத் தாண்டிவிடுகிறார். பதினான்கு நாள் தாக்குப்பிடிப்பவர், மோசமாகப் பாதிக்கப்பட்ட சில இடங்களைத் தவிர, வெளியே வந்து அளவோடு வேலை செய்யலாம். ஆகவே காப்பறை என்பது வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும் இடமல்ல. பதினான்கு நாளுக்கு மனிதர்களை மனிதர்களாக வைத்திருக்க வேண்டிய இடம்.

அந்த நாட்களில் கதிர்வீச்சைத் தடுப்பது பாரம். எந்தப் பொருள் என்பதைவிட எவ்வளவு பாரம் என்பதே முக்கியம். ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் கொங்கிறீட் அல்லது 9 சென்ரிமீற்றர் இறுகிய மண், ஊடுருவும் கதிர்வீச்சைப் பாதியாக்கும். இன்னொரு 9 சென்ரிமீற்றர் மண், அந்தப் பாதியையும் பாதியாக்கும். மூன்று அடி மண் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும்.

இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப் பங்கர் நினைவுக்கு வந்தது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எங்கள் வளவு மாமரத்தின் கீழே ஒரு பங்கர் இருந்தது. ஆளுயரத்துக்குக் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றிகளை நெருக்கமாக அடுக்கி, தறப்பாள் விரித்து, வெட்டியெடுத்த மண்ணையே குவித்து மூடுவார்கள். வாசல் நேராக இருக்காது. ‘எல்’ எழுத்தின் வடிவில் முடங்கிப் போகும். பொம்மர் விமானம் இரைந்தால் எல்லாரும் அதற்குள். பெரியவர்கள் அதைப் பொறியியல் என்று சொல்லவில்லை. சிதறுதுண்டு நேராகப் பறந்து வரும், முடக்கில் திரும்பாது என்று மட்டும் சொன்னார்கள்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் கிரெசன் கேர்னி என்பவர் 1970களில் இதே பொருளை ஆராய்ந்தார். கொங்கிறீட் காப்பறை இல்லாத சாதாரணக் குடும்பங்களிடம் செய்முறைக் குறிப்பைக் கொடுத்து, தாங்களே காப்பிடம் கட்டச்செய்து பார்த்தார். 1979இல் அந்த அனுபவங்களை அணுப்போரில் உயிர் தப்பும் முறைகள் பற்றிய நூலாக வெளியிட்டார். அவர் பரிந்துரைத்த காப்பிடங்களில் முக்கியமான ஒன்று, கிடங்கு வெட்டி மரக்குற்றிகளை அடுக்கி மூன்று அடி மண் மூடியது. வாசல் செங்கோணத்தில் திரும்பும், ஏனென்றால் கதிர்வீச்சும் முடக்கில் வலுவிழக்கும். எங்கள் வளவில் இருந்த பங்கருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மரத்தின் சாதி மட்டும்தான். ஓர் ஆய்வுகூடமும் உயிர் தப்ப மண்வெட்டி எடுத்த ஊர்மக்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றால், அந்த முடிவை நம்பலாம்.

ஆனால் எங்கள் பங்கரில் நாங்கள் இருந்தது நிமிடக் கணக்கில், அல்லது மணிக்கணக்கில். 2009இல், போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் சேலைகளைப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கிய மக்கள் நாட்கணக்கில் அதற்குள் இருக்க நேர்ந்தது. தண்ணீர், மலசலம், வெக்கை, குழந்தைப் பால் ஆகியவை குண்டுக்கு அடுத்த எதிரிகளாக எப்படி மாறின என்பதை அங்கிருந்து தப்பி வந்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். சுவர் உயிரைக் காப்பது முதல் நாளில். இரண்டாம் நாளிலிருந்து உயிரைக் காப்பவை வேறு. அவற்றில் முதலாவது காற்று.

காப்பறைக் காற்றுச் சாதனத்தின் வேலை எளிமையானது. வெளியே சுவரில் உள்ள குழாய் வழியாகக் காற்று உள்ளிழுக்கப்படுகிறது. வாயிலில் இருக்கும் வால்வு, அதிர்வலை வந்தால் தானே மூடிக்கொண்டு பிறகு திறக்கும். அதைத் தாண்டி ஒரு முன்வடிகட்டி, பெருந்தூசியைப் பிடிக்க. ஆபத்து மிகும்போது காற்றை வாயு வடிகட்டி வழியாகத் திருப்பலாம். அதில் நுண்தூசியைப் பிடிக்கும் தாளும், நச்சு வாயுவை உறிஞ்சும் கரியும் இருக்கின்றன. மின்சாரம் இருந்தால் மோட்டார் சுற்றும். இல்லாவிட்டால் கைப்பிடி. வடிகட்டி வழியாக வரும்போது ஓர் ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 3 கன மீற்றர் காற்று என்பது கணக்கு. வடிகட்டி இல்லாமல் 6. வடிகட்டியோடு மணித்தியாலத்துக்கு 150 கன மீற்றர் தள்ளும் சாதனம் ஐம்பது பேரைத் தாங்கும்.

இந்த அமைப்பின் அழகு, காற்று வெளியே போகும் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே தள்ளப்படும் காற்று அறையின் அமுக்கத்தை வெளியைவிட ஒரு சொட்டு உயர்த்தி வைக்கும். அதனால் எங்காவது நுண்ணிய இடைவெளி இருந்தாலும் உள்காற்று வெளியே போகுமே தவிர, வெளித்தூசி உள்ளே வராது. மிஞ்சிய காற்று ஒரு சிறு வால்வின் தகட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சோதனையில் கதவைப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் அந்தத் தகடு அசையும். அது அசைந்தால் அறை உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. அதைத் தேடிப் பிடிக்கவேண்டும். எத்தனையோ காப்பறைகளில் அந்த அசைவைப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒவ்வொரு முறையும் மனம் நிறைகிறது.

கைப்பிடியைச் சுற்றுவதற்குப் பலசாலி தேவையில்லை, சீரான தாளம்தான் தேவை. ஊரில் துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்தவர்களைப் போல, அவசரப்படாமல், நிற்காமல், ஆள்மாற்றிச் செய்யவேண்டிய வேலை அது. வேகமாகச் சுற்றுகிறவர் சீக்கிரம் களைப்பார், கூடவே வேர்த்து அறையின் வெக்கையையும் கூட்டுவார். வெக்கையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நெருக்கமாக ஆட்கள் இருக்கும் மூடிய அறையில் ஒட்சிசன் தீர்வதற்கு முன்பே வெக்கையும் ஈரமும் ஆளை வீழ்த்தும். ஒவ்வோர் உடலும் ஏறத்தாழ 100 வாற் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. கேர்னி இதை உணர்ந்துதான், பலகைச் சட்டமும் பிளாஸ்ரிக் தாளும் கயிறும் கொண்டு யாரும் செய்யக்கூடிய ஒரு காற்றுத் தள்ளியை உருவாக்கினார். பழைய மாளிகைகளில் கயிறு கட்டி இழுத்த பங்காவின் அசைவுதான் அதற்கும். எங்கள் நாடுகளின் வெயிலில் காப்பிடம் அமைக்க நினைப்பவர்கள் சுவரைவிடக் காற்றைப் பற்றியே கூடுதலாக யோசிக்கவேண்டும்.

எல்லாரும் நினைவில் வைக்கவேண்டிய இன்னொன்று: வாயு வடிகட்டி காபன் மொனொக்சைட்டைப் பிடிக்காது. ஆகவே உள்ளே அடுப்பு கூடாது, கரி கூடாது, மெழுகுதிரியும் சாம்பிராணியும் கூடாது. பயந்த நேரத்தில் சாமிக்கு விளக்கேற்ற மனம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினான்கு நாளும் மனதால் கும்பிடுங்கள்.

பராமரிப்பு என்று சொன்னால் பலர் பெரிய வேலை என்று நினைக்கிறார்கள். நான் பார்க்கும் பழுதுகள் பெரும்பாலும் சிறியவை. கதவின் றப்பர் விளிம்புக்குச் சுவரோடு சேர்த்துப் பெயின்ற் அடித்திருப்பார்கள். அது காய்ந்து வெடித்திருக்கும். அந்த விளிம்பில் சோக்குத் தூள் பூசிக் கதவை மூடித் திறந்தால், எதிர்ப்பக்கத்தில் கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ஒழுகும். தப்பிச் செல்லும் குழாயின் வெளிவாயில், மேலே கட்டடம் இடிந்து கதவை அடைத்தாலும் ஆட்கள் ஊர்ந்து வெளியேறுவதற்காகச் சுவரிலிருந்து தள்ளி முற்றத்தில் இருக்கும். யாரோ அதன்மேல் பூச்சட்டி வைத்திருப்பார்கள். வாயு வடிகட்டியின் முத்திரையைச் சிறுவர்கள் உடைத்திருப்பார்கள்; முத்திரை உடைந்த வடிகட்டியின் கரி ஈரத்தைக் குடித்துக் கெடும். இப்படியானவற்றை ஒவ்வொன்றாகச் சீர்செய்து, எண்ணெய் விட்டு, துடைத்து, தாளில் ஒப்பமிட்டுவிட்டு வருவேன். பெரிய அழிவுக்கு முன்னால் மனிதனால் செய்யக்கூடியது இந்தச் சிறிய ஒழுங்குதான்.

தண்ணீருக்கு வருவோம். சுவிஸ் அரசு ஒவ்வோர் ஆளுக்கும் 9 லீற்றர் தண்ணீரும் ஒரு கிழமைக்கான சாப்பாடும் வீட்டில் வைத்திருக்கச் சொல்கிறது. அதோடு மருந்து, பற்றரியில் வேலை செய்யும் வானொலி, ரோச் லைற், கொஞ்சம் காசு. 9 லீற்றர் என்பது ஏறத்தாழ மூன்று நாளுக்குத்தான் வரும். காப்பறையை நினைப்பவர்கள் அதைப் பல மடங்காக்கவேண்டும். கதிரியக்கத் தூசி விழுந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை. கொதித்தால் கிருமி சாகும், தூசி அப்படியே இருக்கும். தெளியவிட்டு, களிமண் படை வழியாக வடித்தால் பெரும்பகுதி நீங்கும். மூடி வைத்த தண்ணீர் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. ஊரில் வாய் திறந்த கிணறுகள் வைத்திருப்பவர்கள், மூட ஒரு தகடும் தறப்பாளும் தயாராக வைத்திருப்பது பெரிய காப்பு.

சாப்பாட்டைப் பற்றித் தமிழருக்கு நான் கூடுதலாகச் சொல்லத் தேவையில்லை. பதினான்கு நாளில் பட்டினியால் சாவது அரிது. சமைக்காமல் தின்னக்கூடியதாக இருந்தால் சரி. பொரிமா, அவல், பேரீச்சம்பழம், கச்சான், ரின் மீன், பிஸ்கற், பால்மா. எங்கள் ஆச்சிமார் புழுக்கொடியலும் பனாட்டும் செய்து பெட்டியில் வைத்தது இதே அறிவோடுதான். ஆனால் மலசலகூடம் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. அதைத்தான் நான் உரக்கச் சொல்கிறேன். மூடியுள்ள வாளி, தடித்த பைகள், சுண்ணாம்பு அல்லது மரத்தூள், கை கழுவச் சவர்க்காரம், மறைப்புக்கு ஒரு சீலை. இவை இல்லாத காப்பறையில் மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கும். தண்ணீர்க் கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

வெளியிலிருந்து கடைசியாக உள்ளே வருபவர் மேலுடுப்பையும் சப்பாத்தையும் வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டிவிட வேண்டும். அதிலேயே உடலில் ஒட்டிய தூசியின் பெரும்பகுதி போய்விடும். பிறகு தலையும் கைகாலும் கழுவவேண்டும். தலைமுடிக்குச் சவர்க்காரமோ சம்போவோ போதும். கொண்டிசனர் தூசியை முடியோடு பிணைக்கும். அயடீன் குளிசை பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சுவிஸில் அணுமின் நிலையங்களைச் சுற்றி 50 கிலோமீற்றருக்குள் வாழ்பவர்களுக்கு அது வீடு தேடி வருகிறது. அது தைரொயிட் சுரப்பியை மட்டும்தான் காக்கும். அதை விழுங்கிவிட்டு வெளியே உலாவலாம் என்பது பொய்.

இவ்வளவும் பொருட்கள். பொருட்களுக்கு மேலே ஒன்று இருக்கிறது. லூசேர்ன் நகரத்தில் சொனன்பேர்க் மலையைக் குடைந்த நெடுஞ்சாலைச் சுரங்கத்தை, 1976இல், 20,000 பேருக்கான காப்பிடமாகவும் அமைத்து முடித்தார்கள். 1.5 மீற்றர் தடிப்பில், ஒவ்வொன்றும் 350 தொன் பாரமான கதவுகள். உள்ளே ஆஸ்பத்திரி, கட்டளை அறை எல்லாம். 1987இல் பெரிய பயிற்சி ஒன்று நடத்திப் பார்த்தபோது ஒரு கதவு ஒழுங்காக மூடவில்லை. கட்டில்களை அடுக்கவே மிக நீண்ட நேரம் எடுத்தது. முன்பின் அறியாத இருபதாயிரம் பேரை ஒரு சுரங்கத்தில் பதினான்கு நாள் ஒழுங்காக வைத்திருக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பயிற்சியால் நம்பிக்கையான பதில் தர முடியவில்லை. 2006இல் அதை 2,000 பேருக்கான காப்பிடமாகச் சுருக்கினார்கள்.

என் அனுபவமும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் பத்துக் குடும்பங்களின் கீழே இருக்கும் சிறிய அறைதான் நம்பிக்கைக்குரியது. ஏனென்றால் அங்கே யாருக்கு நீரிழிவு, யாருக்கு மூச்சுமுட்டு, எந்தப் பிள்ளை இருட்டுக்குப் பயப்படும், யார் இரவு விழித்திருக்கக்கூடியவர் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க முடியும். எங்கள் ஊர்ப் பங்கரில் தலை எண்ணுவதற்கென்று ஒருவர் இருந்தார். அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், மருந்து, பால்மா போட்ட பை எப்போதும் வாசலோடு இருக்கும். நடக்க முடியாத பெரியம்மாவை யார் தூக்குவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு அந்தப் பங்கரின் இன்னொரு சுவர்.

பதினான்கு நாளுக்குப் பிறகு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கதவைத் திறந்தால் மின்சாரம் இல்லை, கடை இல்லை, வங்கி இல்லை, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணத்தார் ஓரளவு பதில் சொல்லக்கூடியவர்கள். 1990இலிருந்து பல ஆண்டுகள் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடை. குப்பி விளக்கில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். குடியிருப்புகளுக்கு நடுவே கிணறு இருந்தது, வளவில் முருங்கையும் வாழையும் இருந்தன, ஊருக்கு ஒரு சங்கக்கடை இருந்தது. பங்கீட்டு அட்டைக்கு வந்த அரிசியை வரிசையில் நின்று பிரித்துக்கொண்டோம். பள்ளிக்கூடங்கள் மரத்தின் கீழாவது நடந்தன. அரசு, சந்தை, மின்கம்பி எல்லாம் கைவிட்ட இடத்தில் சமுதாயம் இருந்தது. வீழ்ச்சி என்பது சாமான் தீர்வதல்ல, ஒருவரை ஒருவர் நம்புவது தீர்வது என்று அந்த ஆண்டுகள் எனக்குக் கற்றுத்தந்தன.

சுவிஸ் அரசும் இதை ஒருவகையில் விளங்கி வைத்திருக்கிறது. அரிசி, சீனி, எண்ணெய், கோதுமை, மருந்து போன்றவற்றை மூன்று நான்கு மாதத்துக்குக் காணக்கூடிய அளவில் களஞ்சியப்படுத்தும்படி இறக்குமதியாளர்களைச் சட்டத்தால் கட்டியிருக்கிறது. ஒவ்வொரு பெப்ரவரியின் முதல் புதன்கிழமையும் மதியம் 1.30க்கு நாடு முழுக்கச் சைரன் ஒலித்துச் சோதிக்கப்படுகிறது. பலர் அதைக் கேட்டு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்வார்கள். பொம்மருக்கு ஓடிய காதுகளுக்கு அந்த ஒலி லேசானதல்ல. ஆனாலும், பயமுறுத்தாமல், ஆண்டுதோறும், சொன்ன நேரத்துக்குச் சோதித்துப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

காப்பறை கட்டுவது போரை ஏற்றுக்கொள்வதாகாதா என்று நல்ல மனம் கொண்டவர்கள் கேட்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் ஐ.நா. ஒப்பந்தம் 2021 ஜனவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. இத்தனை காப்பறை கட்டிய சுவிஸ் இன்னும் அதில் கையெழுத்திடவில்லை. இடவேண்டும் என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவன். குண்டின் அமுக்கத்தையும் தூசியையும் இலக்கங்களாகத் தினமும் கையாள்கிறவனுக்கு அந்த ஆயுதம்மேல் எந்த மயக்கமும் மிஞ்சாது. குண்டை ஒழிக்கச் சொல்வதும், அது ஒழியும்வரை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காற்று ஒழுங்காக வரச் செய்வதும் ஒரே அக்கறையின் இரண்டு பக்கங்கள்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். சுவிஸில் இருப்பவர்கள் உங்கள் காப்பறை எது என்று உங்கள் ஊர் நிர்வாகமான கெமைண்டேயில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கெல்லருக்குப் போகும்போது தப்பும் குழாயின் வாயிலையும் காற்றுச் சாதனத்தையும் சாமானால் அடைக்காதீர்கள். வடிகட்டியின் முத்திரையைத் தொடாதீர்கள். வேறு நாடுகளில் இருப்பவர்கள், தமிழ்நாட்டில், ஈழத்தில், லண்டனில், ரொறன்ரோவில், உங்கள் கட்டடத்தில் கூரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் மிகத் தள்ளி இருக்கும் இடம் எது என்று பாருங்கள். நிலவறை அல்லது பெரிய கொங்கிறீட் கட்டடத்தின் நடுமாடியின் நடுப்பகுதி நல்லது. தண்ணீரை மூடி வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் குடிக்கும் மருந்தில் இரண்டு கிழமைக்குரியதை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். வெளிச்சத்தைக் கண்டால் யன்னலுக்குப் போகக்கூடாது என்று இன்று இரவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்கள் மாடிப்படியில் குடியிருக்கும் ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டு அறியுங்கள்; அவர் எந்த மொழி பேசினாலும் சரி. கைப்பிடியை ஆள்மாற்றிச் சுற்றப்போவது அவர்தான்.